தோன்றா எழுவாய்

இருபத்துநாலாம் வருஷம்
முல்லைத்தீவுக் கோட்டில் நான் துவிபாஷி.
சம்பளம் முப்பத்தைந்து ரூபாய்,
காய்ச்சல் நாட்களுக்குக் கொயினா இலவசம்.
சாட்சி தமிழில் அழுதால்
இங்கிலீசில் அழாமல் சொல்ல வேண்டும்,
உத்தியோகம் அவ்வளவுதான்.

கோணாமலை உடையார் இத்திமடுக் குளத்தில்
துருசடியில் கிடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
காலில் தாமரைக்கொடி சுற்றியிருந்தது.
கழுத்தில் நாலு கீறல்.
அப்போதிக்கரி அதை அட்டைக்கடி என்று எழுதினார்.
அட்டை கீறுமா என்று கேட்க
அவருக்கு மேலே வன்னியில் ஆளில்லை.

முதல்நாள் இரவு,
கூத்துக்குப் போட்டுப் பிரிக்காத கொட்டகையில்
புரொபசர் சோணாசலம் மெஸ்மெரிசம் காட்டினார்.
வண்ணார்பண்ணை ஆள், படித்தது ரங்கூனாம்.
வெள்ளி மணிக்கூட்டைச் சங்கிலியில் ஆட்டி
விதானையாரின் மச்சானைச் சேவலாகக் கூவவைத்தார்.
பிறகு உடையாரின் இளையதாரம் பாறிப்பிள்ளை
ஒருவரும் கூப்பிடாமல் எழும்பி வந்து வாங்கில் இருந்தாள்.
"உறங்கு" என்றார். உறங்கினாள்.
காதுக்குள் என்னவோ சொன்னார்.
"மூன்று எண்ணுவேன், எழுவாய்."
எழுந்தாள்.
சனம் கைதட்டியது, உடையார் தட்டவில்லை.

முன்வரிசையில் நானும் இருந்தேன்.
மணிக்கூட்டை நானும் பார்த்தேன்.
வீடு போன வழி ஞாபகமில்லை;
விடிய வேட்டிக்கரையில் குளக்களி காய்ந்து கிடந்தது.
வழியில் வாய்க்கால் உண்டு. அதுவாயிருக்கும்.
என் தம்பியின் காணி உறுதி
உடையாரின் பெட்டகத்தில் ஒன்பது வருஷம்.
அந்தப் பெட்டகத்தில் யாருடையதுதான் இல்லை.

உறக்கத்தில் போட்டதை உறக்கத்தில்தான் எடுக்கலாம்,
விசாரணையில் துரைக்கு இப்படியொரு யோசனை.
விலங்கு போட்ட கையோடே புரொபசர்
தன் மணிக்கூட்டை,
இப்போது அது மூன்றாம் இலக்கச் சான்று,
பாறிப்பிள்ளை முன்னால் ஆட்டினார்.
அவள் தலை சாய்ந்தது.
அண்டைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.
"துருசடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த்
தள்ளியாச்சு."

தள்ளியாச்சு.
எவ்வளவு மரியாதை தெரிந்த வினை.
ஆணில்லை, பெண்ணில்லை, நானில்லை, நீயில்லை.
வந்தவர் வந்த காரியத்தை முடித்துக்
கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.
தோன்றா எழுவாய் என்று சொல்லித்தந்த சட்டம்பியார்
இந்த மாதிரி வசனத்துக்கு மார்க்குப் போடுவார்.
இங்கிலீசிலோ வசனம் ஆளில்லாமல் நிற்காது.
துரையின் பேனை மைக்கூட்டுக்கு மேல் நின்றது.
யார் என்றது.

அப்போதுதான் அவள் பெருவிரலில்
ஒரு கட்டெறும்பு ஏறியது.
உறங்குகிறவள் மற்றக் காலால்
அதை மெல்லத் தட்டிவிட்டாள்.
இமை ஒரு நெல்லளவு திறந்து
என் வேட்டிக்கரையைப் பார்த்து
மூடியது.

"அவர்" என்றேன் இங்கிலீசில்.
அந்தப் பாஷையில் அவனுக்கும் அவருக்கும் ஒரே சொல்.
தலையைப் புரொபசர் பக்கம் ஆட்டினதும் நான்தான்.

மேற்கோட்டுக்கு வழக்குப் போகமுன்னமே
யாழ்ப்பாணச் சிறையில் அவர் காய்ச்சலில் முடிந்தார்.
கொயினா கொடுத்தார்களா என்பது வேறு விசாரணை.
அதற்குத் துவிபாஷி தேவைப்படவில்லை.

பாறிப்பிள்ளை எருமைகளை விற்றுவிட்டுத்
திருகோணமலைப் பக்கம் போனதாகக் கேள்வி.
போகுமுன் ஆள்விட்டு
ஒரு மூடை மொட்டைக்கறுப்பனும் தம்பியின் உறுதியும் அனுப்பினாள்.
அரிசியைச் சோறாக்கித் தின்றோம். நல்ல அரிசி.

கடைசிநாள் அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்:
"நான் ஒருத்தரையும் உறங்க வைச்சதில்லை, ஐயா.
உறங்கினமாதிரி இருக்க விருப்பமானவைக்கு
ஒரு சாட்டுக் குடுத்தனான்."
அதை மட்டும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்.
துரை அதற்குள் பேனையை மூடிவிட்டார்.

வருஷக் கடைசியில் கோட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன.
ஒரு மண்வெட்டி, இரண்டு கத்தி, அந்த மணிக்கூடு.
ஒன்றரை ரூபாய்.
வாங்கியாச்சு.